தொகைநூல்வழி இருத்தலியல் அறிமுகம்: வைப்புமுறையும் வாசிப்புமுறையும்

ஆய்வுச்சுருக்கம்

தமிழியல் ஆய்வுகளில் இருத்தலியல் பெரும்பாலும் கருத்துகளின் பட்டியலாகக் கையாளப்படுகிறது. அந்நியமாதல், அபத்தம், மரண அச்சம், தெரிவு ஆகியவற்றை வரையறுத்து, ஒரு தமிழ்ப் புனைவில் அவை இடம்பெறும் பகுதிகளைச் சுட்டுவதோடு ஆய்வு நிறைவடைகிறது. இம்முறைக்கு மாற்றாக, வால்டர் காஃப்மன் 1956-இல் வெளியிட்ட தொகுப்புநூலை அறிமுகப் பாடமாகக் கொள்ளும் வழியை இக்கட்டுரை ஆராய்கிறது. தொகைநூலின் வைப்புமுறையே ஒரு வாதம் என்பதைத் தமிழ் மாணவர் எட்டுத்தொகை வாசிப்பின் வழி முன்பே அறிந்துள்ளார். அப்பயிற்சியைக் கொண்டு மேலைத் தொகுப்பை வாசித்தால் இருத்தலியல் ஒரு கோட்பாடாக அன்றி ஒரு வழக்காடலாகப் புலப்படும் என்பது இக்கட்டுரையின் துணிபு.

திறவுச்சொற்கள்: இருத்தலியல், தொகைநூல், வைப்புமுறை, காஃப்மன், தாம்பரம்.

1. முன்னுரை

இருத்தலியலைத் தமிழில் விரிவாக அறிமுகப்படுத்திய நூல்களுள் எஸ்.வி. ராஜதுரையின் ‘எக்ஸிஸ்டென்ஷியலிசம்: ஓர் அறிமுகம்’ (1975) முதன்மையானது. ஆல்பெர் காம்யுவின் ‘அந்நியன்’ வெ. ஸ்ரீராமின் மொழிபெயர்ப்பில் பிரெஞ்சிலிருந்து நேரடியாகத் தமிழுக்கு வந்தது. சுந்தர ராமசாமியின் ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ (1981) தன் நாயகனின் மறைவைக் காம்யு இறந்த நாளுக்கு மறுநாளாக அமைத்துத் தொடங்குகிறது. இருத்தலியல் தமிழ் வாசகருக்குப் புதியதன்று என்பதற்கு இவை போதிய சான்றுகள். எனினும், இலக்கிய மாணவர் இத்தத்துவத்தை எந்த வாயில்வழி அணுக வேண்டும் என்பது இன்னும் ஆராயத்தக்க வினாவாகவே உள்ளது. தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் வட்டாரக் கல்லூரிகளில் தமிழ் பயிலும் மாணவர் தத்துவத்தைத் தனிப்பாடமாகப் பயிலாமலேயே ஆய்வுக்குள் நுழையும் சூழலில் இவ்வினா கூடுதல் முதன்மை பெறுகிறது.

2. பட்டியல்முறையின் குறை

‘இருத்தலியல் நோக்கில்’ எனத் தொடங்கும் ஆய்வுத் தலைப்புகள் ஒரு முன்முடிவைத் தாங்கி நிற்கின்றன. இருத்தலியல் என்பது ஒருமித்த கருத்துடைய கொள்கை என்பதே அம்முன்முடிவு. வரலாறு இதற்கு உடன்படவில்லை. 1855-இல் மறைந்த கீர்க்கெகார்டும் 1900-இல் மறைந்த நீட்சேயும் இப்பெயரையே அறியாதவர்கள். முன்னவர் இறைநம்பிக்கையின் தீவிரத்தால் எழுதினார். பின்னவர் இறைவனின் மரணத்தை அறிவித்தார். சார்த்தர் 1945-இல் ஆற்றிய உரையில் இருத்தலியலை மனிதநேயமாக விளக்கினார். ஹைடெக்கர் 1947-இல் வெளியான தம் மடலில் அவ்விளக்கத்திலிருந்து விலகி நின்றார். காம்யு தம்மை இருத்தலியலாளர் என்று அழைப்பதை மறுத்தார்.

இம்முரண்கள் அனைத்தையும் களைந்த பின்னரே பட்டியல் உருவாகிறது. அவ்வாறு உருவான பட்டியல் எந்தப் புனைவுக்கும் பொருந்திவிடும். சாவும் தனிமையும் இல்லாத இலக்கியம் அரிது என்பதே காரணம். எல்லாவற்றுக்கும் பொருந்தும் அளவுகோல் எதையும் அளப்பதில்லை.

3. காஃப்மன் தொகுப்பின் வைப்புமுறை

காஃப்மனின் தொகுப்பு ‘தஸ்தயேவ்ஸ்கி முதல் சார்த்தர் வரை’ என்னும் எல்லையைத் தலைப்பிலேயே வகுத்துக்கொள்கிறது. தஸ்தயேவ்ஸ்கி, கீர்க்கெகார்ட், நீட்சே, ரில்கே, காஃப்கா, யாஸ்பர்ஸ், ஹைடெக்கர், சார்த்தர், காம்யு முதலியோரின் எழுத்துகள் இதில் இடம்பெறுகின்றன. இருத்தலியல் ஒரு தத்துவமன்று, மரபுத் தத்துவத்திற்கு எதிராக எழுந்த, தம்முள் வேறுபட்ட கலகங்களுக்கு இடப்பட்ட பொதுப்பெயர் என்பது தொகுப்பாசிரியரின் முன்னுரைக் கருத்து. நூலின் அமைப்பும் இதையே உணர்த்துகிறது. இதனை மூன்று நிலைகளில் காணலாம்.

முதலாவது, தொடக்கம். தஸ்தயேவ்ஸ்கியின் ‘நிலவறைக் குறிப்புகள்’ 1864-இல் வெளிவந்தது. கீர்க்கெகார்ட் அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்டார். இருப்பினும் தொகுப்பில் தஸ்தயேவ்ஸ்கியே முன் நிற்கிறார். கால வரிசை இங்கு மீறப்பட்டுள்ளது. தஸ்தயேவ்ஸ்கியை இருத்தலியலாளர் எனக் கொள்ளாத காஃப்மன், அப்படைப்பின் முதற்பகுதியைச் சிறந்த முகப்பாகக் கருதியே முன்வைத்தார். எனவே தத்துவத்தின் வாயிலில் ஒரு கதைமாந்தனின் குரல் நிற்கிறது.

இரண்டாவது, வகைமைக் கலப்பு. சார்த்தரின் ‘சுவர்’ என்னும் சிறுகதையும் அவருடைய 1945 உரையும் ஒரே நூலில் உள்ளன. தன் தெரிவுக்கு மனிதனே முழுப்பொறுப்பு என்கிறது உரை. சிறுகதையிலோ, ஸ்பானிய உள்நாட்டுப் போரில் மரணதண்டனைக்குக் காத்திருக்கும் பாப்லோ, தோழன் கல்லறைத் தோட்டத்தில் ஒளிந்திருப்பதாகக் கேலியாகப் பொய் சொல்கிறான். தற்செயலாக அதுவே உண்மையாகித் தோழன் கொல்லப்படுகிறான். பொறுப்பு எங்கே தொடங்குகிறது, தற்செயல் எங்கே முடிகிறது என்னும் வினாவை உரை தீர்த்துவைக்க, கதை மீண்டும் திறந்துவிடுகிறது. இரண்டையும் அடுத்தடுத்து வாசிப்பவர் சார்த்தரைச் சார்த்தராலேயே வினவக் கற்கிறார்.

மூன்றாவது, விடுபாடு. சிமோன் த பொவ்வாருக்கும் கேப்ரியல் மார்செலுக்கும் இத்தொகுப்பில் இடமில்லை. ‘இரண்டாம் பாலினம்’ 1949-லேயே வெளிவந்திருந்தும் பெண்குரல் எதுவும் இதில் சேரவில்லை. 2004-இல் கார்டன் மரினோ தொகுத்த நூலில் பொவ்வாரும், அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் ரால்ஃப் எலிசனும் இடம்பெற்றனர். தொகுப்பு மாறும்போது இருத்தலியலின் எல்லையும் மாறுகிறது என்பதற்கு இவ்வொப்பீடு சான்று.

4. தமிழ்த் தொகைமரபு தரும் பயிற்சி

வைப்புமுறையிலிருந்து பொருள் கொள்ளும் திறன் தமிழ் மாணவருக்கு அயலானதன்று. அகநானூற்றில் ஒற்றைப்படை எண் பெற்ற பாடல்கள் அனைத்தும் பாலை. இரண்டும் எட்டுமாக வருவன குறிஞ்சி. நான்காக வருவன முல்லை. ஆறாக வருவன மருதம். பத்தாக வருவன நெய்தல். நானூற்றில் இருநூறு பாடல்கள் பிரிவைப் பேசும்படி அமைந்தமை தனிப்புலவர் எவருடைய முடிவுமன்று; தொகுப்பின் முடிவு. தொகுத்தவர் உருத்திரசன்மன் என்றும் தொகுப்பித்தவன் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி என்றும் மரபு பெயர் சுட்டி வைத்திருப்பது, தொகுத்தலை ஓர் ஆக்கச் செயலாகவே மதித்தமையைக் காட்டும். பாடலின் கீழ் நிற்கும் திணை, துறைக் குறிப்புகள் வாசிப்பை நெறிப்படுத்துவன என்பதும், அவற்றோடு மாறுபடும் உரிமை உரையாசிரியருக்கு உண்டு என்பதும் மாணவர் அறிந்தவையே. காஃப்மனின் முன்னுரையையும் அவ்வாறே துறைக்குறிப்பாகக் கொண்டு வாசிக்கலாம். அதை இறுதித் தீர்ப்பாகக் கொள்ள வேண்டுவதில்லை.

இப்பயிற்சி பொருந்தா ஒப்பீட்டையும் தடுக்கும். கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்று 192-ஆம் பாடல் சாவு புதிதன்று என்று கூறுவதால் அதனை இருத்தலியல் பாடலாகக் கொள்ளத் தோன்றலாம். ஆனால் அப்பாடல் உயிரை ஆற்றுநீரின் வழிச்செல்லும் புணைக்கு ஒப்பிட்டு, அது முறைவழிப்படும் என்கிறது. சார்த்தரின் மனிதனுக்கு அத்தகைய முறை எதுவும் முன்கூட்டி வகுக்கப்படவில்லை. எனவே அப்பாடலைச் சார்த்தருக்குச் சான்றாக நிறுத்துவதினும் அவருக்கு எதிர்வழக்காடும் குரலாக நிறுத்துவதே பொருந்தும்.

5. தாம்பரம் 1938: ஒரு முன்னிகழ்வு

தொகுப்புநூல் வழக்காடலின் களமாகிய முன்னிகழ்வு ஒன்று தாம்பரத்தோடு தொடர்புடையது. சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937-இல் ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரத்திற்கு இடம் பெயர்ந்தது. மறு ஆண்டு டிசம்பரில் அவ்வளாகத்தில் உலக மிஷனரி மன்றத்தின் மாநாடு கூடியது. அதற்கென ஹென்றிக் கிரேமர் எழுதிய நூல், இறைவெளிப்பாட்டிற்கும் பிற சமயங்களுக்கும் இடையே தொடர்ச்சியின்மையை வலியுறுத்தியது. கிரேமர் மீது கார்ல் பார்த்தின் தாக்கம் உண்டு. பார்த், தம் உரோமர் மடல் விளக்கத்தின் 1922-ஆம் ஆண்டுப் பதிப்பு முன்னுரையில், காலத்திற்கும் நித்தியத்திற்கும் இடையிலான முடிவிலா வேறுபாடு என்னும் கருத்திற்குக் கீர்க்கெகார்டுக்குக் கடன்பட்டதை ஒப்புக்கொண்டவர். இவ்வழியே கீர்க்கெகார்டின் சிந்தனை மறைமுகமாகத் தாம்பரத்து விவாதத்தில் நுழைந்தது.

அதற்கு மறுமொழியாக அமைந்தது சென்னைச் சிந்தனையாளர் சிலரின் கட்டுரைத் தொகுப்பு. பி. செஞ்சையா, வி. சக்கரை முதலியோர் எழுதி, ‘இந்தியாவில் கிறித்தவத்தை மறுசிந்தனை செய்தல்’ என்னும் பொருள்படும் ஆங்கிலத் தலைப்புடன் அது 1938-இல் வெளியாயிற்று. இந்நூல் இருத்தலியல் நூலன்று. ஆயினும் நேரடி அனுபவமே அடிப்படை என்பதை ஏற்று, அவ்வனுபவம் மரபை அறுத்தெறிய வேண்டும் என்பதை அது மறுத்தது. மேலைக் கருத்தொன்று வந்த அளவிலேயே அதனோடு வழக்காட இயலும் என்பதையும், பல குரல்களைக் கொண்ட தொகுப்பு அதற்கு ஏற்ற வடிவம் என்பதையும் இந்நிகழ்வு காட்டுகிறது.

6. பாடமாக்கும் முறை

மேற்கண்டவற்றின் அடிப்படையில் ஒரு பருவத்திற்கான வாசிப்பை மூன்று படிகளில் அமைக்கலாம். முதற்படியில் தஸ்தயேவ்ஸ்கியின் முதற்பகுதியும் ‘சுவர்’ சிறுகதையும் கலைச்சொல் விளக்கம் ஏதுமின்றி வாசிக்கப்பட வேண்டும். இரண்டாம் படியில் கீர்க்கெகார்ட், நீட்சே, சார்த்தர் பகுதிகளை வாசித்து, ஒருவர் மற்றவருக்குக் கூறத்தக்க மறுப்பை மாணவர் எழுத வேண்டும். மூன்றாம் படியில் தமிழ்ப் படைப்புகளைத் தொகுப்பினுள் இடம் குறித்து வைக்க வேண்டும். புதுமைப்பித்தனின் ‘கயிற்றரவு’ எவருக்குப் பின் வைக்கத்தக்கது என்னும் வினாவை எடுத்துக்கொள்ளலாம். அதன் தலைப்பு அத்வைதத்தின் பொய்த்தோற்ற உவமையிலிருந்து வருவது. தன்னுணர்வையே தொடக்கமாகக் கொள்ளும் சார்த்தருக்கு அக்கதை துணையாகுமா, அத்தன்னுணர்வையே ஐயுறும் தடையாகுமா? ஜி. நாகராஜனின் ‘நாளை மற்றுமொரு நாளே’ (1974) நாவலின் கந்தன் காம்யுவின் அருகில் நிற்கத்தக்கவனா? இடம் குறிப்பதற்குக் காரணம் கூற வேண்டியிருப்பதால் முத்திரை குத்தும் வழக்கம் தானே மறையும்.

இம்முறைக்கு வரம்புகளும் உண்டு. ஹைடெக்கரின் ‘இருத்தலும் காலமும்’ போன்ற நூலின் கட்டுக்கோப்பு பகுதிவாசிப்பில் புலப்படாது. மேலும், ஆங்கிலத் தொகுப்பை வாசிப்பவர் தேனிஷ், ஜெர்மன், பிரெஞ்சு நூல்களை மொழிபெயர்ப்பின் வழியே காண்கிறார். எனவே தொகுப்பு வாயிலாகவே அமைய வேண்டும். ஆய்வுநிலையில் முழுநூல் வாசிப்பு இன்றியமையாதது.

7. முடிவுரை

தொகைநூல் இருத்தலியலை வரையறுத்துத் தருவதில்லை. ஒருவரோடொருவர் உடன்படாத குரல்களை அருகருகே நிறுத்துகிறது. அந்நிறுத்தலின் வரிசையையும் வகைமையையும் விடுபாட்டையும் வாசிக்கும் பயிற்சி தமிழ்த் தொகைமரபிலேயே உள்ளது. அப்பயிற்சியோடு அணுகும்போது தமிழ்ப் படைப்பு மேலைக் கோட்பாட்டிற்கு எடுத்துக்காட்டாகச் சுருங்காமல் அவ்வழக்கில் தனக்கென ஒரு தரப்பைப் பெறுகிறது. மேலைப் பகுதிகளும் தமிழ்ப் புனைவுகளும் காரணம் காட்டி அடுத்தடுத்து வைக்கப்பட்ட ஒரு தமிழ்த் தொகைநூல் உருவாக்கப்படுவது இத்துறையில் அடுத்து நிகழ வேண்டிய பணியாகும்.