சொல்லாமல் பிடுங்கிய பென் டிரைவ்



ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ் பேப்பரில் பிராசஸ், மெமரி, டெட்லாக் எல்லாம் உருப்போடுகிறோம். ஓடிக்கொண்டிருக்கும் மெஷினில் ஒரு சாதனத்தைச் செருகினால், பிடுங்கினால் கர்னல் என்ன பாடுபடும் என்று நான் யோசித்ததே இல்லை. நஷ்டப்பட்ட பிறகுதான் தேடிப் படித்தேன்.

அக்காவுக்குப் பள்ளியில் கிடைத்த அரசு லேப்டாப் எங்கள் வீட்டில் இருக்கிறது. 2011-ல் தொடங்கிய திட்டத்தில் வந்தது. அதில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் உண்டு. பிராஜக்ட் ரிப்போர்ட்டை அதில்தான் டைப் செய்தேன். சமர்ப்பிக்கும் நாள் காலையில் ஃபைலை கட் செய்து பென் டிரைவில் பேஸ்ட் செய்தேன். கண் இமைப்பதற்குள் முடிந்தது. ரயிலுக்கு நேரமாச்சு, அப்படியே பிடுங்கிக்கொண்டு ஓடினேன். ஊரப்பாக்கம் ஸ்டேஷன் பக்கத்து ஜெராக்ஸ் கடை அண்ணன் திறந்து பார்த்துவிட்டு, "தம்பி, பேரு இருக்கு, உள்ள ஒண்ணுமே இல்லையே" என்றார். ஆறு வார உழைப்பு! லேப்டாப்பிலும் இல்லை, ஏன்னா கட் செய்தது நான்தானே.

நடந்தது இதுதான். எழுதச் சொன்னதும் லினக்ஸ் நேரே பென் டிரைவில் எழுதுவதில்லை. முதலில் ராமில் வைத்துக்கொண்டு, "முடிந்தது" என்று சொல்லிவிடும். அந்தப் பக்கங்கள் வழக்கமான அமைப்பில் 30 செகண்ட் வரைகூட ராமிலேயே காத்திருக்கும். நான் அதற்குள் பிடுங்கிவிட்டேன்.

செருகும்போது நடப்பது ஒழுங்கான வேலை. யு.எஸ்.பி. பிளக்கைப் பாருங்கள். நாலு தகட்டில் ஓரத்து இரண்டும் சற்று நீளம், அவை கரண்டுக்கு. நடுவில் இருக்கும் குட்டையான இரண்டும் டேட்டாவுக்கு. அதனால் கரண்டுதான் முதலில் சேரும். போர்ட்டில் மாற்றம் என்று ஹப் சொன்னதும் கர்னல் அவசரப்படாது. நம் கை ஆடும் அல்லவா? 100 மில்லி செகண்ட் தொடர்பு நிலையாக இருந்தால்தான் நம்பும். புதுச் சாதனம் 0 என்ற முகவரியில் பதில் சொல்லும். கர்னல் அதற்கு 1 முதல் 127-க்குள் ஓர் எண் கொடுத்து, 18 பைட் விவரக்குறிப்பை வாங்கி, யார் தயாரிப்பு, என்ன சாதனம் என்று பார்க்கும். பிறகு யுடெவ் என்ற வெளி நிரலுக்குச் செய்தி போகும். தேவையான டிரைவரை அது ஏற்றிவைக்கும். இதிலும் வழுக்குவது உண்டு. 1998 ஏப்ரலில் சிகாகோ காம்டெக்ஸில் பில் கேட்ஸ் மேடையில் இருக்கும்போதே, ஸ்கேனரைச் செருகியதும் விண்டோஸ் 98 நீலத்திரை காட்டியது. எனக்கு அது ஒரு ஆறுதல்!

பிடுங்குவதுதான் சங்கடம். சாதனம் போன பிறகுதான் கர்னலுக்கே தெரியும். எங்கள் ஊரில் வாடகை வீடுகள் அதிகம், அதை வைத்தே சொல்கிறேன். குடியிருந்தவர் ராத்திரியோடு ராத்திரியாகக் காலி செய்துவிட்டார். பால்காரர், பேப்பர்காரர் நோட்டில் அவர் பெயர் இன்னும் இருக்கிறது. ஓனர் உடனே வேறொருவரைக் குடிவைத்தால், பழைய பாக்கியைப் புது ஆளிடம் கேட்பார்கள். கர்னலில் சாதனத்துக்கான மெமரியை உடனே விடுவித்தாலும் இதே கதைதான். இன்னும் ஃபைலைத் திறந்து வைத்திருக்கும் பிராசஸ், வேறு யாருக்கோ கொடுத்துவிட்ட மெமரியைத் தொடும். சிஸ்டமே விழலாம்.

ஆகவே டிரைவர், சாதனம் போய்விட்டது என்று லாக் போட்டுக் குறித்துக்கொள்ளும். நிலுவையில் உள்ள கோரிக்கைகளைப் பிழையோடு திருப்பி அனுப்பும். புதிதாகக் கேட்பவர்களுக்கு "அப்படி ஒரு சாதனம் இல்லை" என்ற பிழை எண் 19 போகும். மெமரியை மட்டும் விடாது. எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று ஓர் எண்ணிக்கை வைத்திருக்கும். கடைசி ஆளும் மூடி, அது 0 ஆனதும்தான் விடுவிக்கும். இத்தனை செய்தாலும் ராமில் தங்கிய என் ரிப்போர்ட்டை அது எங்கே கொண்டுபோய் எழுதும்? அன்மவுண்ட் செய்திருந்தால், எல்லாம் எழுதி முடித்த பிறகுதான் விட்டிருக்கும்.

இரண்டு ராத்திரி கண்விழித்து மறுபடி டைப் செய்து, தாமதத்துக்குத் திட்டும் வாங்கிக்கொண்டு கொடுத்தேன்.

லேபில் நீங்களும் பார்க்கலாம். ஒரு டெர்மினலில் கர்னல் செய்திகளை ஓடவிடுங்கள். இன்னொன்றில் பென் டிரைவின் ஃபோல்டருக்குள் போய் நின்றுகொண்டு, பிடுங்குங்கள். அங்கே துண்டிப்புச் செய்தி வரும். இங்கே ஃபைல்களைப் பட்டியலிடச் சொன்னால் பெரும்பாலும் இன்புட்-அவுட்புட் பிழைதான் கிடைக்கும். காலி பென் டிரைவாக எடுத்துப் போங்க, ரிப்போர்ட் இருக்கிறது வேண்டாம்.