பழமரங்களும் போர்த்துக்கேயப் பெயர்களும்

மாணவர்களே! தமிழில் கலந்துள்ள பிறமொழிச் சொற்களைப் படிக்கும்போது அலுமாரி, மேசை, கதிரை, சப்பாத்து, பாண் ஆகியன போர்த்துக்கேயச் சொற்கள் என மனனம் செய்திருப்பீர்கள். வீட்டுப் பொருட்களை எல்லோரும் எழுதிவிடுவர். பழமரங்களின் பெயர்கள் வினவப்படும்போதே தடுமாற்றம் ஏற்படுகின்றது. கொய்யாவைத் தூய தமிழ்ச்சொல் என்று சிலர் எழுதுகின்றனர். வேறு சிலர் ஆங்கிலத்தில் இருந்து வந்தது என்கின்றனர். இரண்டு விடைகளும் பிழை. ஏன் பிழை என்பதை விளங்கிக்கொண்டால் இப்பகுதியை மனனம் செய்யவேண்டிய தேவை இல்லை.

முதலில் ஆண்டுகளை நினைவிற் கொள்ளுங்கள். வாஸ்கொடகாமா கள்ளிக்கோட்டையை அடைந்தது 1498இல். போர்த்துக்கேயர் பிரேசில் கரையை அடைந்தது 1500இல். இலங்கைக்கு வந்தது 1505இல். யாழ்ப்பாண இராச்சியத்தை முழுமையாகக் கைப்பற்றியது 1619இல். 1658இல் ஒல்லாந்தர் அவர்களை இலங்கையிலிருந்து வெளியேற்றினர். ஆங்கிலேயர் கரையோரத்தை 1796இலும் கண்டி இராச்சியத்தை 1815இலும் பெற்றனர். ஆகவே ஒரு பழத்தின் பெயர் போர்த்துக்கேயம் வழியாக வந்தது என்றால், ஆங்கிலம் இந்நாட்டில் வழங்கத் தொடங்குவதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக முன்னரே அது தமிழருக்கு அறிமுகமாகிவிட்டது என்பது பொருள்.

பிரேசிலும் இந்தியக் கரையும் ஒரே காலத்தில் ஒரே நாட்டுக் கப்பல்களின் பாதையில் அமைந்தமையே இக்கதையின் அடிப்படை. கொய்யா, அன்னாசி, கஜு, பப்பாளி ஆகிய நான்கும் அமெரிக்கக் கண்டத்துக்கு உரியவை. சங்கப் பாடல்களில் மா, பலா, வாழை உண்டு. இவற்றுள் ஒன்றும் இல்லை. கப்பலில் வந்த பழம் தன் பெயரையும் கொண்டுவந்தது. அந்தப் பெயரும் போர்த்துக்கேயருக்குச் சொந்தமானது அன்று. அமெரிக்கப் பழங்குடி மக்கள் வழங்கிய பெயரைத் தம் நாவுக்கேற்ப மாற்றிக்கொண்டு அவர்கள் இங்கு வந்தனர்.

கொய்யாவைச் சற்று விரிவாகப் பார்ப்போம். கரிபியன் தீவுகளின் பழங்குடிச் சொல் ஸ்பானியத்தில் குவாயாபா ஆயிற்று. போர்த்துக்கேயத்தில் கொயாபா ஆயிற்று. தமிழில் கொய்யா ஆயிற்று. ஆங்கிலத்தில் அதுவே குவாவா. எனவே தமிழ்ச் சொல்லும் ஆங்கிலச் சொல்லும் உடன்பிறந்தவை போன்றவை. ஒன்றிலிருந்து மற்றது பிறக்கவில்லை.

இங்கே இலக்கண மாணவருக்கு ஒரு பொறி உண்டு. தமிழில் ‘கொய்’ என்றால் பறி என்பது பொருள். ‘கொய்யாத’ என்பது ஈறு கெட்டுக் ‘கொய்யா’ என நிற்கும். ‘கொய்யா மலர்’ என்றால் பறிக்கப்படாத மலர். அது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். இதனை அறிந்த கெட்டிக்கார மாணவர், கொய்யாமரத்துக்கும் அதே இலக்கணக் குறிப்பை எழுதிவிடுகிறார்! கொய்யாமரத்தில் வருவது மரத்தின் பெயர். சிறப்புப் பெயரும் பொதுப் பெயரும் இணைந்து வருவதால் அது இருபெயரொட்டுப் பண்புத்தொகை. ஒலி தற்செயலாக ஒத்துப்போயிற்று, அவ்வளவே. இவ்வளவு இயல்பாகத் தமிழ் ஒலியில் பொருந்தியதாலேயே கொய்யா அந்நியச் சொல் என்ற ஐயம் எவருக்கும் எழவில்லை போலும்.

அன்னாசி இன்னும் தெளிவான சான்று. பிரேசிலின் துப்பி மொழிச் சொல்லிலிருந்து போர்த்துக்கேயர் அனனாஸ் என்றனர். தமிழில் வல்லின மெய்யில் சொல் முடிவதில்லை. எனவே இறுதியில் இகரம் சேர்ந்து அன்னாசி ஆயிற்று. சிங்களத்திலும் அன்னாசி என்றே கூறுவர். ஆங்கிலேயரோ பைன் மரத்தின் காய் போன்ற தோற்றத்தைக் கண்டு பைனாப்பிள் என்றனர். பைனாப்பிளிலிருந்து அன்னாசி எக்காலத்திலும் வரமுடியாது. இதுவே நீங்கள் பயன்படுத்தவேண்டிய சோதனை: தமிழ்ப் பெயர் போர்த்துக்கேயப் பெயரை ஒத்து, ஆங்கிலப் பெயரை ஒவ்வாதிருந்தால் அது ஆங்கிலம் வழியாக வந்ததன்று.

பப்பாளிக்கு இச்சோதனை உதவாது. பப்பாயா என்ற சொல் இரு மொழிகளிலும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே ‘ஆங்கிலச் சொல் அன்று என நிறுவுக’ என்ற வகை வினாவுக்குப் பப்பாளியையோ, இலங்கையில் வழங்கும் பப்பாசியையோ உதாரணமாக எழுதாதீர்கள். யாழ்ப்பாணப் பகுதியில் வழங்கும் அன்னமுன்னா என்பதை எழுதலாம். அது அனோனா என்ற சொல்லின் திரிபு. ஆங்கிலப் பெயரான கஸ்டர்ட் அப்பிளோடு அதற்கு எவ்வித ஒலியுறவும் இல்லை.

கஜுவைப் பற்றி ஓர் எச்சரிக்கை. துப்பி மொழியின் அகாஜு போர்த்துக்கேயத்தில் கஜு ஆகியது. அதிலிருந்தே ஆங்கிலக் கேஷ்யூ. இலங்கைத் தமிழர் கஜு என்றே கடையில் கேட்பர். தமிழ்நாட்டிலோ முந்திரி என்பர். இலங்கையில் முந்திரிகை என்றால் திராட்சை. கஜுவைக் குறிக்க மரமுந்திரிகை என்பர். இந்தியப் பதிப்பு நூலில் முந்திரிப்பருப்பு என்று வாசித்துவிட்டு, கட்டுரையில் முந்திரிகை என எழுதினால் பொருள் மாறிவிடும். மலையாளத்தில் கஜுமரத்துக்குப் பறங்கிமாவு என்ற பெயரும் உண்டு. பறங்கியர் கொண்டுவந்த மா என்று மரத்தின் வரலாறே பெயராகிவிட்டது.

லிந்துலையில் இருந்து படிக்கும் மாணவர் ஒருவர் இங்கே நியாயமாக ஒரு கேள்வி எழுப்பலாம். போர்த்துக்கேயர் தலவாக்கலைக்கோ லிந்துலைக்கோ ஆட்சி செலுத்த வரவில்லையே! கண்டி இராச்சியத்தின்மீது படையெடுத்தபோது 1594இல் தந்துறையிலும், 1630இல் ரந்தெனிவெலையிலும், 1638இல் கன்னொறுவையிலும் தோற்றனர். பின்னர் எப்படித் தோட்டத்து லயங்களின் பின்னால் நிற்கும் மரத்தைக் கொய்யா என்கிறோம்?

விடை நம் முன்னோரின் பயணத்தில் இருக்கிறது. போர்த்துக்கேயர் கோவாவிலும் கொச்சியிலும் மட்டும் இருக்கவில்லை. 1530களிலிருந்து தூத்துக்குடியை அடுத்த முத்துக்குளித்துறையில் பரதவர் மத்தியில் சமயப் பணியும் வணிகமும் செய்தனர். தமிழைக் கற்றனர், அச்சிட்டனர். தம்பிரான் வணக்கம் 1578இல் கொல்லத்தில் அச்சாயிற்று. அந்தாம் தெ புரோயென்சா தொகுத்த தமிழ் – போர்த்துக்கேய அகராதி 1679இல் அம்பலக்காட்டில் வெளிவந்தது. அகராதி தொகுக்கும் அளவுக்குத் தொடர்பு நெருங்கியபோது சொற்கள் கரையோரத்தைத் தாண்டி உள்நாட்டுக்கும் பரவியதில் வியப்பில்லை. 1820களில் கோப்பித் தோட்டங்கள் தொடங்கிய பின்னர் மதுரை, திருச்சி, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம் முதலிய பகுதிகளிலிருந்து மக்கள் மலைநாட்டுக்கு வந்தபோது, கொய்யாவும் அன்னாசியும் அவர்களுக்கு ஊர்ச் சொற்களாகவே இருந்தன. ஆகவே யாழ்ப்பாணத்தவரின் கொய்யாவும் லிந்துலையாரின் கொய்யாவும் ஒரே சொல்லாயினும் வந்த வழி வேறு. தோட்டத்துப் பேச்சை வெறும் கொச்சை என்று ஒதுக்குவோர் இதனைக் கவனிப்பதில்லை.

மலையகத்தில் அடுத்த ஓர் அடுக்கு உண்டு. குளிர்ப்பகுதிக்கு உரிய பிளம்ஸ், பியர்ஸ், பீச்சஸ் ஆகியவை ஆங்கிலேயர் காலத்தில் வந்தவை; பெயர்களும் ஆங்கிலமே. அதுவும் ஆங்கிலப் பன்மை வடிவம். ‘ஒரு பிளம்ஸ் தாங்க’ என்று நாம் கேட்பது ஆங்கில இலக்கணப்படி பிழை. தமிழ் வழக்கில் அது ஒருமையாகவே ஆகிவிட்டது. 1796க்குப் பிந்திய சொல் எப்படி இருக்கும் என்பதற்கு இவை நல்ல உதாரணங்கள். தேயிலைச் செடியும் ஆங்கிலேயர் காலத்தில் வந்ததே. போர்த்துக்கேயர் தேயிலையைச் ‘சா’ என்பர். நாம் அச்சொல்லைப் பெறவில்லை. ‘தே’ என்பதோடு இலையைச் சேர்த்துத் தேயிலை என்றோம். தண்ணீரைச் சேர்த்துத் தேத்தண்ணி என்றோம்.

இவ்விரு அடுக்குகளும் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. தலவாக்கலைச் சந்தையில் சிங்கள வியாபாரி கொய்யாவைப் ‘பேர’ என்று கூவுவதைக் கேட்டிருப்பீர்கள். போர்த்துக்கேயத்தில் பேரா என்றால் பியர்ஸ் பழம். உருவ ஒற்றுமையால் அப்பெயர் சிங்களத்தில் கொய்யாவுக்கு வந்தது. மலையாளத்திலும் கொய்யாக்காய் பேரக்காயே. ஆங்கிலச் சொல்லான பியரும் போர்த்துக்கேயப் பேராவும் இலத்தீனின் ஒரே அடியிலிருந்து பிறந்தவை. ஆகவே ஒரே கூடைக்குள் பேரவும் பியர்ஸும் கிடந்தால், இரண்டு வெவ்வேறு பழங்கள் ஒரே மூலப் பெயரை இரு வழிகளில் பெற்றுக் கிடக்கின்றன என்று அறிக.

இதனினும் சுவையானது ஆனைக்கொய்யா. மெக்சிக்கோவின் பழங்குடிச் சொல் ஸ்பானியத்தில் அகுவக்காத்தே ஆகியது. ஆங்கிலேயர் ஒருசாரார் அதனைச் சரியாக ஒலிக்க இயலாது அலிகேட்டர் பியர் என்றனர். முதலைக்கும் அப்பழத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை! சிங்களத்தில் அது அலிகெட்ட பேர ஆகி, பேச்சில் அலிபேர எனச் சுருங்கியது. சிங்களத்தில் அலி என்பது யானை. பேர என்பது கொய்யா. தமிழில் ஆனைக்கொய்யா. சொல்லுக்குச் சொல் பொருந்துவதைப் பாருங்கள். மெக்சிக்கோ, ஸ்பெயின், இங்கிலாந்து, போர்த்துக்கல் எல்லாம் இந்த ஒரு சொல்லின் பின்னால் நிற்கின்றன.

கொடுத்த பக்கத்தையும் ஒரு வரியிலாவது எழுதினால் விடை நிறைவுபெறும். நம் மாங்காய் போர்த்துக்கேயரின் மங்கா ஆகி, ஆங்கிலத்தின் மாங்கோ ஆயிற்று. பலாவுக்கு மலையாளத்தில் வழங்கும் சக்க என்பது போர்த்துக்கேயரின் ஜாக்கா ஆகி, ஆங்கிலத்தின் ஜாக் ஆயிற்று. ஜாக் என்ற ஆங்கிலேயர் எவரும் பலாவைக் கண்டுபிடிக்கவில்லை. கார்சியா தா ஓர்த்தா 1563இல் கோவாவில் அச்சிட்ட மருந்துப் பொருள் நூலில் மா, பலா, பாக்கு, வெற்றிலை ஆகியவற்றை விவரித்துள்ளார். அந்தக் காலக் கப்பல்களில் பெயர்கள் இருதிசையிலும் பயணம் செய்தன.

மாதிரி வினாவும் விடையும்

வினா: ‘கொய்யா, அன்னாசி ஆகிய பெயர்கள் ஆங்கிலம் வழியாகத் தமிழுக்கு வந்தவை.’ இக்கூற்றை ஏற்கிறீரா? காரணம் தருக.

விடை: ஏற்கவில்லை. இவை போர்த்துக்கேயரின் கொயாபா, அனனாஸ் என்ற சொற்களிலிருந்து தமிழ் ஒலிமரபுக்கேற்பத் திரிந்தவை. அன்னாசிக்கும் அதன் ஆங்கிலப் பெயரான பைனாப்பிளுக்கும் ஒலியொற்றுமை இல்லை. இலங்கையில் ஆங்கிலேய ஆட்சி 1796இல் தொடங்கியது. போர்த்துக்கேயர் 1505இலேயே வந்துவிட்டனர். வடமொழி தவிர்ந்த பிற மொழிகளிலிருந்து வந்தமையால் இவற்றைத் திசைச்சொற்கள் என இலக்கண ஆசிரியர் வகைப்படுத்துவர்.

பயிற்சி

1. கொய்யா மலர், கொய்யாமரம் ஆகியவற்றின் இலக்கணக் குறிப்புகளை எழுதி வேறுபடுத்துக.

2. முந்திரி என்ற சொல் தமிழ்நாட்டிலும், முந்திரிகை என்ற சொல் இலங்கையிலும் எவற்றைக் குறிக்கின்றன?

3. உமது வீட்டைச் சூழவுள்ள பழமரங்கள் ஐந்தின் பெயர்களை எழுதுக. ஒவ்வொன்றும் தமிழ்ச் சொல்லா, போர்த்துக்கேயம் வழி வந்ததா, ஆங்கிலம் வழி வந்ததா எனக் காரணத்துடன் குறிப்பிடுக. வீட்டு முதியோர் அவற்றுக்கு வேறு பெயர் வழங்கினால் அதனையும் சேர்த்து எழுதுக.