குளிர் மிளகுக் கொடியைக் காப்பாற்றுமா?

கேள்வி: மட்டாஞ்சேரியில் மலைச்சரக்கு வியாபாரம் செய்கிறேன். இடுக்கியில் கொஞ்சம் மிளகுத் தோட்டமும் உண்டு. மார்கழிக் குளிர் கடுமையாக இருந்தால் வாடல் நோய்க் கிருமி செத்துவிடும் என்கிறார்களே, உண்மையா ஐயா? அப்படியானால் என் கொடிகள் மழை நின்று குளிர் தொடங்கும்போது ஏன் மஞ்சளாகின்றன?

பதில்: உங்கள் முதல் கேள்விக்கான மறுப்பை இரண்டாவதிலேயே வைத்துவிட்டீர்கள்! ஆனால் அந்த நம்பிக்கை எல்லா ஊருக்கும் பொய்யல்ல. அமெரிக்காவில் 2004-இல் நுழைந்த சோயா துரு நோய் பச்சை இலையில் மட்டுமே பிழைக்கும். உறைபனியில் இலை கருகினால் அதுவும் ஒழியும். தெற்கே வளைகுடாக் கரையில் தப்பிய வித்துகள் காற்றேறி மறுபடி வடக்கே வந்தாக வேண்டும்.

நம் மிளகின் எதிரி பைட்டோப்தோரா. பூஞ்சை போலத் தோன்றினாலும், நீரில் நீந்திச் செல்லும் வித்துகளை விடும் நுண்ணுயிர் இது. இருப்பது மண்ணிலும், அழுகிய வேரிலும். மூணாறில் புல் மேல் உறைபனி படியலாம்; மிளகு விளையும் உயரத்தில் மண் உறைவதில்லை. குளிர்காலத்தில் அது ஓய்ந்திருப்பது ஈரம் இல்லாததால். ஓய்கிறதே தவிர, சாவதில்லை.

கொடி மஞ்சளாவதற்கு வருவோம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழையில் இக்கிருமி உணவுறிஞ்சும் சிறு வேர்களை அழுகவைக்கிறது. நூற்புழுவும், அதாவது கண்ணுக்குத் தெரியாத வேர்ப்புழுவும், கூடச் சேர்ந்து தின்கிறது. மண் நனைந்திருக்கும்வரை மிச்ச வேரே கொடிக்குப் போதும். அக்டோபருக்குப் பின் ஈரம் குறையும்போது பற்றாக்குறை இலையில் தெரிகிறது. இதுதான் மெல்ல வாடல். பழி குளிர் மேல் விழுகிறது. சேதம் நடந்ததோ மழையில்.

ஆகவே வெப்பமானியைவிட மழைமானியைக் கவனியுங்கள். துலாமழை, அதாவது ஐப்பசி மழை, நவம்பரிலும் விடாமல் பெய்தால்தான் கவலை. பட்டுப்போன கொடிகளை மழை ஓய்ந்த வறண்ட மாதங்களிலேயே வேரோடு பிடுங்கி எரித்துவிடுங்கள். தூரில் நீர் தேங்காமல் வாய்க்கால் எடுங்கள். மயில்துத்தமும் சுண்ணாம்பும் ஒவ்வொரு கிலோ, 100 லிட்டர் நீரில் கலந்த ஒரு சதவீத போர்டோ கலவையை மழை தொடங்குமுன் ஒருமுறையும், ஆகஸ்ட்-செப்டம்பரில் மறுமுறையும் தெளியுங்கள். மழை நீண்டால் அக்டோபரில் மூன்றாவது.

ஒன்றில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். மஞ்சளான கொடி புதுமழையில் தளிர்விடும். தேறிவிட்டது என்றே தோன்றும். உள்ளே வேர் தேறியிருக்காது. கவனிக்காமல் விட்டால் இரண்டு மூன்று பருவத்தில் அந்தக் கொடி போய்விடும்.