கம்பி பிரஷ்ஷை எடுக்கும் முன்

அன்புள்ள தம்பிக்கு,

சுவாமிமலைப் பட்டறையில் மெழுகையும் வண்டல் மண்ணையும் கையாளப் பழகிய நீ, இப்போது கற்கோயில் திருப்பணிகளுக்கும் போகத் தொடங்கியிருக்கிறாய். புதிதாக வருபவர்களிடம் பெரும்பாலும் சுத்தம் செய்கிற வேலையைத்தான் முதலில் தருவார்கள். அடிப்பீடமான அதிட்டானத்திலும் சுவர்மாடமான கோட்டத்துச் சிற்பத்திலும் சாம்பலாகவும் வெளிர்பச்சையாகவும் படர்ந்த திட்டுகளைக் காட்டி, கும்பாபிஷேகத்துக்குள் தேய்த்து எடுத்துவிடச் சொல்வார்கள். அந்தத் திட்டு என்னவென்று தெரிந்துகொள்ளாமல் அதன்மேல் கை வைக்காதே. தெரிந்துகொண்டால் எடுக்கும் முறை மாறும். சில இடங்களில் எடுக்க வேண்டுமா என்ற முடிவே மாறும்.

அந்தத் திட்டுகளில் பெரும்பாலானவை லைக்கன்கள். கறி மசாலாவுக்குக் கும்பகோணத்து மளிகைக் கடையில் வாங்குகிற கல்பாசியும் ஒரு லைக்கன்தான். பார்வைக்கு ஒரே செடிபோல இருந்தாலும், அது ஒரு பூஞ்சையும் ஒரு பாசியும் சேர்ந்து கட்டிய உடல். சுவிட்சர்லாந்தின் தாவரவியலாளர் சைமன் ஷ்வெண்டனர் 1860களின் இறுதியில் இதைச் சொன்னபோது, லைக்கன் ஆய்விலேயே ஊறிய நிபுணர்கள் பலர் ஏற்க மறுத்தார்கள். ஆனால் நுண்ணோக்கி அவர் பக்கம் நின்றது. பாசி வெயிலைக் கொண்டு சர்க்கரை தயாரிக்கிறது. பூஞ்சை அதில் பெரும்பங்கை எடுத்துக்கொண்டு, கல்லில் பிடிப்பும் ஈரத்தைத் தேக்கும் உடலும் வெயிலைத் தடுக்கும் மேல்தோலும் தருகிறது. சித்திரை வெயிலில் கொதிக்கும் கருங்கல்லில் அந்தப் பாசி தனியாகத் தாக்குப்பிடிப்பது கடினம். பூஞ்சைக்கோ அங்கே உண்ண ஒன்றுமில்லை. சேர்ந்திருப்பதால் நெடுநாள் காய்ந்து கிடந்தும் ஒரு மழையில் மீண்டும் இயங்குகின்றன. 2016இல் வெளியான ஓர் ஆய்வு, பல லைக்கன்களின் மேல்தோலில் ஈஸ்ட் வகையைச் சேர்ந்த இன்னொரு பூஞ்சையும் இருப்பதைக் காட்டியது. ஷ்வெண்டனர் பூஞ்சையை எஜமானாகவும் பாசியை அடிமையாகவும் கண்டார். இது நட்பா, சிறைவாசமா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. எப்படியிருந்தாலும், உன் பிரஷ்ஷால் இந்தக் கூட்டைப் பிரிக்க முடியாது என்பதுதான் உனக்கு முக்கியம்.

ஒரு கைலென்ஸை வைத்துப் பார். ஒட்டுவகை லைக்கன்களில் திட்டு எங்கே முடிகிறது, கல் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. பூஞ்சையின் இழைகள் கல்லின் மணிகளுக்கு இடையே இறங்கியிருக்கும். சிலவற்றின் மேல் மாவுபோன்ற துகள்கள் தெரியும். ஒவ்வொரு துகளிலும் பூஞ்சை இழை சுற்றிய சில பாசி உயிரணுக்கள் இருக்கின்றன. அதாவது இரண்டு கூட்டாளிகளும் சேர்ந்தே பயணம் போகிற விதை அது. கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் கல்மணிகள் பிய்ந்து வரும், உள்ளே இழைகள் மிஞ்சும், துகள்கள் பக்கத்துக் கல்லுக்கும் பரவும். மெழுகின்மேல் நீ பூசும் முதல் வண்டல் பூச்சு எவ்வளவு மெல்லியதோ, அவ்வளவு மெல்லிய மேற்பரப்பில்தான் கல்தச்சனின் நுண்ணிய உளிக்கோடும் இருக்கிறது. அழுத்தக் காற்றில் மணலைப் பீய்ச்சிச் சுத்தம் செய்த கோயில்களில் சிற்பமும் கல்வெட்டும் மழுங்கிப்போனது இதனால்தான்.

லைக்கன் கல்லை அரிக்கிறதே, விட்டுவைக்கலாமா என்று கேட்பாய். அரிக்கிறது, மறுக்கவில்லை. அது சுரக்கும் ஆக்சாலிக் அமிலம் கனிமங்களைக் கரைக்கும். நனைந்து உப்பிக் காய்ந்து சுருங்கும்போது மணிகளைப் பெயர்க்கும். ஆனால் ஒட்டுவகைகளில் பலவும் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளர்வதில்லை. அவை பல்லாண்டுகளில் செய்யும் சேதத்தை முரட்டுக் கை ஒரே பிற்பகலில் செய்துவிடும். சில வகைக் கற்களில் லைக்கன் போர்வை மழையின் அரிப்பைக் குறைப்பதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே இடம் பார்த்து முடிவெடு. தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலில் அறுபத்துமூவர் வரலாற்றைச் சொல்லும் சின்னஞ்சிறு சிற்பங்கள் போன்றவற்றையோ, கல்வெட்டு எழுத்தையோ அது பற்றியிருந்தால் எடுக்கத்தான் வேண்டும். ஆனால் அது தொல்லியல் துறையின் வேதியியலாளர் பார்த்துச் செய்ய வேண்டிய வேலை. முதலில் லைக்கனைச் சாகவிட்டு, காய்ந்து பிடி தளர்ந்த பிறகு மென்மையான நார் பிரஷ்ஷும் தண்ணீரும் கொண்டு எடுக்க வேண்டும். அதையும் சிற்பமில்லாத மூலையில் சோதித்துப் பார்த்தபின். ஆசிட் பக்கமே போகாதே. வெறும் மதில் கல்லில் இருப்பதை அவசரமாக எடுக்க வேண்டியதில்லை.

பக்தர்கள் கோயில் பளிச்சென்று இருக்க வேண்டும் என்கிறார்களே என்றும் கேட்பாய். அந்த ஆசை நியாயமானது. ஆனால் தேய்த்ததால் வந்த பளிச்சு நிலைக்காது. தேய்த்துச் சொரசொரப்பாகிப்போன கல்லில் ஈரமும் தூசியும் இன்னும் எளிதாகத் தங்கும். ஈரம் சற்றுக் கூடுதல் நேரம் நிற்கிற இடத்தில் லைக்கனும் பாசியும் செழிக்கின்றன. அடைந்த தூம்பு, தளவரிசை விரிசல், விமானத்தில் முளைத்த அரசங்கன்று, மூச்சுவிடாத சிமெண்ட் பூச்சு ஆகியவை எங்கே இருக்கின்றன என்பதை அந்தத் திட்டுகளே உனக்குக் காட்டிக்கொடுக்கும். தண்ணீரின் வழியைச் சரிசெய்யாமல் திட்டை மட்டும் எடுத்தால் அடுத்த கும்பாபிஷேகத்துக்குள் அது திரும்பி வந்துவிடும்.

கல் கிடைக்காத இந்த வண்டல் மண்ணுக்குச் சோழர்கள் வெளியிலிருந்து கல் கொண்டுவந்து கோயில் எழுப்பினார்கள். வார்ப்பில் பிசகினால் உலோகத்தை உருக்கி மறுபடி ஊற்றலாம். கல்லுக்கு அந்த வசதி இல்லை. அதனால் அடுத்த திருப்பணியில் முதல் நாளைத் தேய்ப்பதற்குக் கொடுக்காதே. ஒவ்வொரு சுவரையும் படமெடுத்து, எங்கே என்ன படர்ந்திருக்கிறது, அதன்மேல் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று குறித்துவை. அந்தக் குறிப்பைக் காட்டிப் பொறுப்பாளர்களிடம் பேசு. அவசரப்படுத்தினால் மறுத்துச் சொல்லவும் தயங்காதே. அதுவும் ஸ்தபதியின் வேலைதான்.

அன்புடன்.