பை கட்டுவது ஊரில், பிரிப்பது மலையில்

கோவை ஆர்.எஸ்.புரத்து மொட்டை மாடியில் நின்று மேற்கே பார்த்தால் மலை தெரியும். ஊட்டி, வால்பாறை, வெள்ளியங்கிரி எல்லாமே அரை நாளில் போய்ச் சேரும் தூரம். அந்த அருகாமைதான் நம்மை ஏமாற்றுகிறது. ‘பக்கத்துல இருக்கற மலைதானுங்க’ என்று டி.பி. ரோட்டில் நாலு சாமான் வாங்கித் திணித்துக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். பையைக் கட்டும்போது நம் வீட்டு வெயிலை மறந்து, அதைப் பிரிக்கப்போகும் இடத்தின் இரவை நினைக்க வேண்டும்.

நம்பிக்கை: சித்திரை வெயிலில் ஸ்வெட்டர் எதற்கு?

உண்மை: உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பம் சுமார் 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். கோவை ஏறத்தாழ 410 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டி 2,240 மீட்டர். உயரக் கணக்கில் மட்டுமே 12 டிகிரி வித்தியாசம். காற்றும் தூறலும் சேர்ந்தால் குளிர் இன்னும் ஏறும். எந்த மாதமானாலும் காற்றைத் தடுக்கும் ஒரு மெல்லிய ஜாக்கெட்டும் காதை மூடும் குல்லாவும் பையில் இருக்கட்டும்.

நம்பிக்கை: ஜீன்ஸும் காட்டன் பனியனும் எங்கேயும் தாங்கும்.

உண்மை: உலர்ந்திருக்கும்வரை தாங்கும். நனைந்த பருத்தி லேசில் காயாது. தண்ணீர், காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உடற்சூட்டை இழுத்துவிடும். வெள்ளியங்கிரிக்கு முதல்முறை போனபோது பூண்டி அடிவாரத்தில் மூங்கில் தடி மட்டும் வாங்கிக்கொண்டு இரவில் ஏறினேன். ஆண்டி சுனையைத் தாண்டியதும் அடித்த காற்றில், வியர்வையில் ஊறிய பனியன் முதுகோடு ஒட்டிப் பல் கிட்டித்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் தன் பையிலிருந்து ஒரு சட்டையை நீட்டி, “நனைஞ்சதைக் கழட்டு கண்ணு, அப்புறம் போர்த்திக்கலாம்” என்றார். அன்றிலிருந்து தண்ணீர் புகாத உறைக்குள் ஒரு மாற்றுச்சட்டை வைக்காமல் நான் மலை ஏறுவதில்லை.

நம்பிக்கை: சுனைத் தண்ணீர் மூலிகைத் தண்ணீர், அப்படியே குடிக்கலாம்.

உண்மை: தெளிவாக இருப்பதால் மட்டும் தண்ணீர் சுத்தமாகிவிடாது. மேலே விலங்குகள் குடித்து, கழித்துவிட்டுப் போன அதே நீர்தான் கீழே வருகிறது. வயிற்றுப்போக்கும் எலிக்காய்ச்சலும் வரும் வழி அது. கொதி வந்தபின் 1 நிமிடம், 2,000 மீட்டருக்கு மேல் 3 நிமிடம் கொதிக்க விட வேண்டும். அடுப்பு மூட்ட முடியாத இடமென்றால், தேவையான தண்ணீரை ஸ்டீல் பாட்டிலில் சுமப்பதே வழி. வயிற்றுப்போக்கு வந்து, ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைக்காவிட்டால் 1 லிட்டர் தண்ணீருக்கு 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு என்று கலந்துகொள்ளலாம்.

நம்பிக்கை: கொஞ்சம் பிராந்தி, உள்ளே கொஞ்சம் கரி நெருப்பு, குளிர் பறந்துவிடும்.

உண்மை: மது தோலுக்கடியில் உள்ள ரத்தக் குழாய்களை விரிக்கும். சூடானதுபோல் தோன்றும்; உள்சூடு வெளியேறிக்கொண்டிருக்கும். கரி நெருப்பு அதைவிடக் கொடியது. மூடிய அறையிலோ கூடாரத்திலோ கரி கனன்றால் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்கியவர் எழுந்திருக்க மாட்டார். இரண்டையும் விட்டுவிட்டு, பையில் மிச்சமாகும் இடத்தில் இன்னொரு கம்பளியைத் திணியுங்கள்.

நம்பிக்கை: அட்டை கடித்தால் உப்பைக் கொட்டு, தீக்குச்சியால் சுடு.

உண்மை: அப்படிச் செய்தால் அட்டை தன் வயிற்றில் உள்ளதைக் காயத்துக்குள்ளேயே கக்கக்கூடும். வால்பாறை மழைக்காட்டில் அட்டைக்கடி அன்றாடச் சங்கதி. நகத்தை அட்டையின் வாய்ப்பக்கம் தோலோடு ஒட்டி நகர்த்தினால் பிடி விட்டுவிடும். பிறகு சோப்புப் போட்டுக் கழுவி, துணியால் அழுத்திப் பிடியுங்கள். முழங்கால்வரை நீண்ட, நெருக்கமாக நெய்த காலுறை இருந்தால் பெரும்பாலும் கடியே இருக்காது.

நம்பிக்கை: டென்ட் கையில் இருந்தால் எங்கேயும் தங்கலாம்.

உண்மை: காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவதே குற்றம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சென்னையிலிருந்து வந்தவர்களோடு நம் ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்துப் பிள்ளைகளும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். கோடையில் புல் காய்ந்த சரிவில் தீ மேல்நோக்கித்தான் ஓடும், அதுவும் மனிதனைவிட வேகமாக. அனுமதியோடு நடக்கவென்றே 2024 அக்டோபரில் அரசு ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தை 40 மலையேற்றப் பாதைகளோடு தொடங்கியது. பழகிய வழிகாட்டியுடன் அவற்றில் போகலாம்.

ஆகவே பையில் முதலில் போக வேண்டியது அனுமதிச் சீட்டு. பிறகு தண்ணீர், மாற்றுச்சட்டை, டார்ச், விசில். கடைசியாக ஒரு துண்டுத்தாளில் எந்த வழி, யாரோடு, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று எழுதுங்கள். அந்தத் தாள் மட்டும் பைக்குள் வேண்டாம். வீட்டில் அம்மா கையில் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். சொன்ன நேரத்துக்கு நீங்கள் வராவிட்டால், எங்கே தேடுவது என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.