அடவைப் பிடிக்கும் கேமரா: அல்காரிதத்துக்கு முன் செய்ய வேண்டியவை

கேள்வி: வைட்ஃபீல்டில் மென்பொருள் வேலை பார்க்கிறேன். தங்கை பரதம் ஆடுகிறாள். அவள் அடவுகளை முப்பரிமாணத்தில் பதிய, வீட்டு ஹாலில் மூன்று டெப்த் கேமரா வைத்துப் படம்பிடித்தேன். ஒவ்வொரு ஃப்ரேமிலும் மெஷ் நன்றாகவே வருகிறது. முதல் ஃப்ரேமின் மெஷ்ஷையே கடைசிவரை கொண்டுபோனால் கை முறுக்கிக்கொள்கிறது; அஞ்சலி முத்திரையில் ஒட்டிய உள்ளங்கைகள் பிறகு பிரிவதே இல்லை. எந்த அல்காரிதத்துக்கு மாறலாம், சார்?

பதில்: அல்காரிதம் அப்படியே இருக்கட்டும். முதலில் படப்பிடிப்பை மாற்றுங்கள்.

ஒவ்வொரு ஃப்ரேமிலும் உருவத்தைக் கட்டுவது ஒரு வேலை. இந்த ஃப்ரேமில் மணிக்கட்டில் இருந்த புள்ளி அடுத்த ஃப்ரேமில் எங்கே போனது என்று சொல்வது வேறு வேலை. உங்களுக்கு இடறுவது இரண்டாவதில். பெரும்பாலான நிரல்கள் மிக அருகிலுள்ள புள்ளியையே ஜோடியாக எடுத்துக்கொள்கின்றன. பெஸ்லும் மெக்கேயும் 1992-இல் விவரித்த ஐ.சி.பி. முறை அது. வடிவம் மாறாத பொருளுக்குப் பொருந்தும். ஆடுகிறவரின் கை நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் வீசினால், நொடிக்கு 30 ஃப்ரேம் எடுக்கும் கேமராவில் ஒரு ஃப்ரேமுக்கு 10 செ.மீ. நகர்ந்துவிடும். முன்கையின் அகலமே அவ்வளவு இராது. அப்போது அருகிலுள்ள புள்ளி கையின் மறுபக்கத்திலோ இடுப்பிலோ கிடைக்கும். முறுக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

ஆகவே அதிக ஃப்ரேம் வேகத்தில் எடுங்கள். அந்த வசதி இல்லாவிட்டால் முதல் காலத்தில் ஆடச் சொல்லுங்கள். மூன்று கேமராவும் ஒரே கணத்தில் படமெடுக்க வேண்டும். ஒத்திசைவு கேபிள் போடாமல் தொடங்காதீர்கள். ஒன்றின் அகச்சிவப்பு ஒளி மற்றொன்றைக் குழப்பும் வகைக் கேமரா என்றால், மிகச் சிறிய இடைவெளி விட்டு ஒன்றன்பின் ஒன்றாக இயக்குங்கள். ஜன்னல் வெயிலும் அகச்சிவப்பைக் கெடுக்கும், திரை போடுங்கள். ஒட்டியாணமும் ஜரிகையும் ஒளியைத் திசைமாற்றும், கறுத்த தலைமுடி அதை விழுங்கும். இரண்டு இடத்திலும் மெஷ்ஷில் ஓட்டை விழும். அலங்காரம் பிறகு, இப்போது பருத்திப் பயிற்சிப் புடவை. ஒழுங்கில்லாத சிறு அச்சு போட்டதாக எடுங்கள். கட்டம் போட்டது வேண்டாம், ஒரு கட்டத்தை அடுத்த கட்டமென்று நிரல் ஏமாறும். ஆராய்ச்சியாளர்களும் இப்படித்தான் செய்தார்கள்: 2014-இல் வெளியான ஃபௌஸ்ட் (FAUST) தரவுத்தொகுப்பில், 10 பேரின் 300 ஸ்கேன்களிலும் எந்தப் புள்ளி எது என்று தெரிய, அவர்கள் தோலிலேயே வண்ணக்குறிகள் இட்டிருந்தார்கள்.

அடுத்தது டெம்ப்ளேட். ஆட்டத்தின் முதல் ஃப்ரேமை டெம்ப்ளேட் ஆக்காதீர்கள். கைகளை உடலைவிட்டு விலக்கி, விரல்களை விரித்து, விசிறி மடிப்பு தெரியும்படி நிற்கவைத்துச் சுற்றிலும் ஸ்கேன் செய்யுங்கள். இரண்டு உள்ளங்கையும் தனித்தனியாக உள்ள அந்த மெஷ்தான் கடைசிவரை ஓட வேண்டும். அஞ்சலியில் கேமரா ஒரே கட்டியாகக் காட்டினாலும் டெம்ப்ளேட்டில் அவை இரண்டாகவே இருக்கும். அந்த நேரத்தில் உள்ளங்கைப் புள்ளிகளுக்குக் கேமரா சொல்வதைக் கேட்காமல், எலும்புக்கூட்டு அசைவை மட்டும் நம்பச் சொல்லுங்கள்.

பொருத்துவதைப் பெரிதிலிருந்து சிறிதுக்குச் செய்யுங்கள். 6,890 புள்ளிகள் கொண்ட எஸ்.எம்.பி.எல். உடல் மாதிரியால் முதலில் கை, கால், தலை எங்கே என்று பிடியுங்கள். அது துணியில்லாத உடலுக்கானது. புடவையை அதனிடம் விடாதீர்கள். பிறகு 2007-இல் ஆம்பெர்க் குழு தந்த நெகிழ் ஐ.சி.பி.யை ஓட்டுங்கள். தொடக்கத்தில் விறைப்பு அதிகம், சுற்றுக்குச் சுற்று கொஞ்சம் தளர்வு. ஒவ்வொரு சிறு பகுதியும் சுழலலாம், ஆனால் நீளக்கூடாது என்ற நிபந்தனையையும் சேருங்கள். சோர்கைனும் அலெக்ஸாவும் அதே 2007-இல் முன்வைத்த வழி அது. மேற்பரப்பு நோக்கும் திசை பொருந்தாத ஜோடிகளைத் தள்ளிவிடுங்கள்.

இனி எண்ணில் ஏமாறாதீர்கள். மணிக்கட்டு தன் அச்சில் திரும்பினால் வெளிக்கோடு அநேகமாக மாறாது. சராசரிப் பிழை 2 மி.மீ. என்று காட்டும், உள்ளே புள்ளிகள் வழுக்கியிருக்கும். இதைப் பிடிக்க வண்ணப் படத்திலிருந்து ஆப்டிகல் ஃப்ளோ சேர்க்க வேண்டும். சோதிக்கவும் எளிய வழி உண்டு: டெம்ப்ளேட்டில் ஒரு படம் ஒட்டி ஓடவிடுங்கள். தோலின்மேல் அந்தப் படம் நீந்தினால் தடம் தவறிவிட்டது. அடவு தொடங்கிய நிலைக்கே திரும்பும்போது புள்ளிகளும் பழைய இடத்துக்கு வருகின்றனவா என்றும் பாருங்கள். நீண்ட பதிவை ஒரே சங்கிலியாக ஓட்டாமல் கீஃப்ரேம் வைத்துத் துண்டுகளாக்குங்கள். 2015-இல் 106 கேமராக்கள் வைத்திருந்த மைக்ரோசாஃப்ட் குழுவே துண்டு துண்டாகத்தான் செய்தது.

இவ்வளவும் உங்களுக்குத் தேவையா என்றும் யோசியுங்கள். எந்தக் கோணத்திலிருந்தும் பார்த்தால் போதுமென்றால் 2023-இல் வந்த காஸியன் ஸ்ப்ளாட்டிங்கை ஃப்ரேம்தோறும் செய்துகொள்ளலாம். அசைவு மட்டும் போதுமென்றால் 2014-இன் ‘கோச்சடையான்’ போல மோஷன் கேப்சர் போதும். புடவை மடிப்பை அளக்கவோ மெஷ்ஷைத் திருத்தி வேறு உடை மாட்டவோ வேண்டுமென்றால்தான் இந்தப் பாடு.

பட்ட பாடு வீணாகாது. இதய எக்கோவில் ஸ்பெக்கிள் டிராக்கிங் செய்வதும் இதைத்தான். இடது கீழறை துடிக்கும்போது சுருங்குவதோடு முறுக்கவும் செய்கிறது. வெளிக்கோட்டை மட்டும் பார்த்தால் அந்த முறுக்கு தெரியாது, சுவருக்குள் உள்ள புள்ளிகளைத் தொடர வேண்டும். ஜி.இ. 2000-இல் தொடங்கிய ஜான் எஃப். வெல்ச் தொழில்நுட்ப மையமும், இதய சிகிச்சையை இலவசமாகத் தரும் சத்ய சாய் மருத்துவமனையும் உங்கள் வைட்ஃபீல்டில்தான் இருக்கின்றன. வேலை மாற நினைத்தால் இந்தத் துறையையும் பாருங்கள்.

முதலில் தட்டடவு மட்டும், பத்து நொடி. அதில் ஒட்டிய படம் நீந்தாமல் நின்ற பிறகு நாட்டடவு, கடைசியில் அஞ்சலி. தட்டடவே தேறாதவரை நான்காவது கேமராவுக்குப் பணம் செலவழிக்காதீர்கள்.