கணினியின் காய்ச்சலை அறிதல்

உடலின் நலத்தையும் நலிவையும் உணர்த்துங் குறிகளுள் வெம்மை முதன்மையானது. பிள்ளையின் நெற்றியிற் புறங்கையை வைத்துப் பார்க்குந் தாய், காய்ச்சல் உண்டென அறிகின்றாள். எத்தனை பாகை என்பதை அறிதற்கு வெப்பமானி வேண்டும். கணினிக்கும் இஃது ஒக்கும். பெட்டியைத் தொட்டு ஓரளவு அறியலாம். உள்ளுறையுஞ் சில்லின் வெம்மையை அறிதற்கோ, அச்சில்லினுள் அமைந்த உணரிகளையும் அவை கூறுவதைத் திரையிற் காட்டும் மென்பொருளையும் நாடவேண்டும். தமிழ் கற்பிக்கும் நாம் இப்பொருளை எடுத்துக்கொண்டதேன் என வாசகர் வினவுதல் கூடும். எமக்கு நேர்ந்த ஒரு பிழையே அதற்குக் காரணம். அதனைப் பின்னர்க் கூறுவோம்.

உணரி தொழிற்படுமாறு

முறைவழியாக்கி எனப்படுஞ் சில்லிலே கோடிக்கணக்கான திரான்சிற்றர்கள் உள்ளன. அவை தொழிற்படுகையிற் செலவாகும் மின்சத்தி ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகவே வெளிப்படுகின்றது. அதனை அளத்தற்குப் பாதரசக் குழாய் அங்கே புகாது. குறைகடத்தி இருவாயியின் இயல்பே பயன்படுகின்றது. மாறாத மின்னோட்டம் இருவாயியினூடே செல்லும்போது, வெப்பநிலை 1 பாகை செல்சியசு ஏறுந்தோறும் அதன் முனைகளுக்கிடையேயுள்ள அழுத்தவேறுபாடு ஏறத்தாழ 2 மில்லிவோற்று குறையும். இக்குறைவை எண்ணாக மாற்றினால் வெப்பநிலை பெறப்படும்.

முற்காலத்தில் தாய்ப்பலகையிலே, முறைவழியாக்கியின் அடியில் ஓர் உணரி வைக்கப்பட்டது. பின்னர்ச் சில்லினுள்ளேயே இருவாயி அமைக்கப்பட்டது. இன்ரெல் நிறுவனம் 2006 இல் வெளியிட்ட கோர் டுவோ முதலாக, மென்பொருள் நேரே வாசிக்கத்தக்க எண்முறை உணரிகள் அந்நிறுவனத்தின் சில்லுகளில் இடம்பெற்றன.

ஈண்டு மாணவர் கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. இவ்வுணரி ‘இத்தனை பாகை’ என்று கூறுவதில்லை. ‘மேலெல்லைக்கு இன்னும் இத்தனை பாகை உள்ளது’ என்றே கூறுகின்றது. பல சில்லுகளில் மேலெல்லை 100 பாகை. உணரி 35 என்று கூறின், மென்பொருள் 100 இலிருந்து 35 ஐக் கழித்து 65 எனத் திரையிற் காட்டும். எல்லையை அணுகுந்தோறும் இக்கணிப்புத் திருத்தமுறும். கணினி ஓய்ந்திருக்கும்போது காட்டும் எண்ணிற் சில பாகை வழு இருத்தல் கூடும்.

மேலெல்லையை எட்டியதும் சில்லு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்பாலும் வெம்மை ஏறின், மின்னைத் துண்டித்துக் கணினியை அணைத்துவிடும். அஃது அழிவைத் தடுத்தற்குச் செய்த காப்பு.

காட்டும் மென்பொருள்கள்

லினக்ஸ் இயங்குங் கணினிகளில் எல்எம்-சென்சோர்ஸ் என்னும் மென்பொருள் வழக்கிலுள்ளது. நாஷனல் செமிகொண்டக்ரர் நிறுவனம் ஆக்கிய எல்எம்75, எல்எம்78 என்னுஞ் சில்லுகளின் பெயரை ஒட்டி இப்பெயர் எழுந்தது. விண்டோஸ் கணினிகளுக்குக் கோர் ரெம்ப், லிப்ரே ஹாட்வெயார் மொனிற்றர் முதலியன உள. கருக்களின் வெப்பநிலையை இவை நிரல்படக் காட்டும். அவற்றுட் சில, மின்விசிறி நிமிடத்துக்கு எத்தனை முறை சுழல்கின்றது என்பதையும் மின்னழுத்தத்தையும் உடன் காட்டும்.

எமக்கு நேர்ந்தது

பழைய மாணவர் பெயரேடு முழுவதும் எமது கல்லூரிக் கணினியொன்றிற் பதியப்பட்டிருந்தது. அஃது இரண்டாண்டு உழைப்பு. இம்மலருக்காக அதனை ஒழுங்குசெய்த பங்குனி மாதத்தில், நண்பகலானதும் கணினி மந்தமாகும். பின்னர்த் திடீரென அணையும். பழுதுபார்ப்பவர் ஒருவர் வந்து மென்பொருளை இயக்கினார். தாய்ப்பலகையின் உணரிகளுள் ஒன்று 127 பாகை எனக் காட்டிற்று. பலகை கெட்டுவிட்டது, புதுக்கணினி வாங்குவதே வழி என்றார். நாமும் நம்பினோம். பழைய மாணவர் சங்கத்திடம் பொருளுதவி வேண்டிக் கடிதம் எழுதிக் கையொப்பமும் இட்டுவிட்டோம்.

உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் அத்திரையை உற்று நோக்கினான். “சேர், கணினியைத் தொடங்கியவுடனும் 127, ஒரு மணி சென்ற பின்னும் 127. ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. உண்மையான காய்ச்சல் இப்படி நிற்குமோ?” என்றான். மின்னைத் துண்டித்துப் பலகையைத் தொட்டுப் பார்த்தோம். நீரைக் கொதிக்கவைக்கும் வெம்மை எவ்விடத்தும் இல்லை.

127 என்பது யாது? எட்டுத் துவித இலக்கங்களில் ஒன்று நேர், மறை என்னுங் குறியைக் காட்ட, எஞ்சிய ஏழும் 1 ஆயின் 64, 32, 16, 8, 4, 2, 1 என்பவற்றின் கூட்டுத்தொகை 127 ஆகும். அதற்கு மேல் எழுத இடமில்லை. உணரி பொருத்தப்படாத வெற்றுமுனையை மென்பொருள் வாசித்ததனால் அவ்வெண் தோன்றிற்று.

மெய்யான செய்தி வேறொரு வரியில் இருந்தது. முறைவழியாக்கியின் கருக்கள் ஓய்விலேயே 70 பாகையில் நின்றன. வேலை கொடுத்ததும் 100 ஐ எட்டின. விசிறியோ நன்கு சுழன்றது. விசிறி சுழன்றும் வெம்மை தணியாதாயின், வெப்பம் காற்றைச் சென்றடையவில்லை என்பது துணிபு. திறந்து பார்த்தோம். அலுமினியத் தகட்டடுக்கின் இடைவெளிகளில் தூசி பஞ்சுபோல் அடைந்திருந்தது. சில்லுக்கும் தகட்டுக்கும் இடையே பூசிய பசை, கோடைக் குளத்துச் சேறுபோற் காய்ந்து வெடித்திருந்தது. தூசியகற்றிப் புதுப்பசை இட்டபின் ஓய்வில் 46, வேலையில் 74 எனக் கண்டோம்.

தூசி படாதிருக்கட்டும் என்று சீலையுறை தைப்பித்து, இயங்கும்போதுங் கணினியின் பின்புறத்தை மூடிவைத்தவர் நாமே. காற்றுப் போக்கை அடைத்தது எமது அன்பு. உறையைக் கழற்றினோம், கடிதத்தைக் கிழித்தோம்.

மாணவர்க்கு ஒரு பயிற்சி

1. முதலில் அறையின் வெப்பநிலையைக் குறித்துக்கொள்க.
2. கணினியைப் பத்து நிமிடம் ஓய்வில் விட்டுக் கருக்களின் வெப்பநிலையை எழுதுக.
3. கடுமையான வேலை கொடுத்துப் பதினைந்து நிமிடத்தின் பின் மீண்டும் எழுதுக.
4. மாதந்தோறும் இவ்வாறே செய்து, அறையின் வெம்மையைக் கழித்து எண்களை ஒப்பிடுக.

அறையின் வெம்மையைக் கழித்தல் இன்றியமையாதது. விசிறியும் வேலையும் மாறாதிருப்பின், 22 பாகைக் குளிரறையிலுள்ள சில்லிலும் 32 பாகையுள்ள எமது அறையிலுள்ள சில்லு ஏறத்தாழ 10 பாகை மிகுந்தே நிற்கும். ஆதலின் அயலார் கூறும் எண்ணோடு எமது எண்ணை ஒப்பிடுதலிலும், எமது சென்ற மாதத்து எண்ணோடு ஒப்பிடுதலே தகும். ஏறாமலும் இறங்காமலும் நிற்கும் எண்ணை ஐயுறுக. சிறுகச் சிறுக ஏறும் எண்ணை அஞ்சுக.

நோயையும் அதன் காரணத்தையும் தணிக்கும் வழியையும் முறையே ஆராய்க என வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்திற் கூறினார். அதனை ஆண்டுதோறும் வகுப்பிற் கற்பிக்கும் நாம், நோயை நாடுமுன்னரே மருந்துக்குப் பணந்தேடினோம். நாம் மறந்த முறையை எமக்கு நினைவூட்டியவன் மாணவன். பெயரேடு இப்போது பழுதின்றி உளது. அதன் படிகளை வேறிரண்டு இடங்களிலும் வைத்துள்ளோம். அம்மாணவனின் பெயர் இன்னும் அதில் ஏறவில்லை. அவன் கல்லூரியை விட்டு நீங்கும் நாளில் அதனை எமது கையாற் பதிவோம்.